சற்று முன் ஒலித்த அறிவிப்பு

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பதினான்கு வருடமாக அவள் சொல்லாமல் அங்கிருந்து எந்த வண்டியும் புறப்பட்டதில்லை. முதலில் ஒலிபெருக்கியில் மணி அடிக்கும். டிங், டாங். பிறகு அவள் குரல். நிலையத்தில் அவளுக்கு டிங்டாங் என்றே பெயர்.

ஒவ்வொரு அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். அது விதி. தவறாக ஏதாவது ஒலித்துவிட்டால் அடுத்த மூச்சிலேயே திருத்தம் சொல்ல வேண்டும். அதுவும் விதி. இல்லாவிட்டால் மலைக்குப் போக வேண்டியவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். "சாப்பாடு ரெடி, சாப்பாடு ரெடி" என்பாள். கல்யாணமான புதிதில், ஒரு தடவை சொன்னால் போதாதா என்று கேட்டேன்.

"காதுல விழாதவங்க இருப்பாங்க" என்றாள்.

வீட்டில் அப்போது நான் ஒருவன்தான் இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் குரல் போனது. பதினேழாம் எண் வண்டியை முதல் முறை அறிவித்தாள். இரண்டாம் முறை காற்று மட்டும் வந்தது.

தொண்டை டாக்டர் சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாணில் புண் என்றார். இருபத்தொரு நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"கிசுகிசுன்னு பேசலாமா?" என்று நான் கேட்டேன்.

"அது இன்னும் மோசம்."

"மீறிப் பேசினா?"

"இருக்கறதும் போயிடும்." அவள் பக்கம் திரும்பினார். "புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது டாக்டர்" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

நிலைய மேலாளர் நல்ல மனிதர். ஆனால் தலைமை அலுவலகம் ஏற்கெனவே ஓர் இயந்திரத்தை அனுப்பியிருந்தது. பதிவுசெய்த குரலில் அதுவே அறிவிக்கும். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் அறிவிப்பு அறையின் மூலையில் வைத்திருந்தார்.

"மூணு வாரம் நானே கத்திச் சமாளிக்கறேன்மா" என்றார். "இருபத்திரண்டாம் நாள் காலைல பத்து மணிக்கு நீங்க மைக் முன்னாடி நிக்கணும். குரல் வந்தா சீட்டு உங்களுது. இல்லேன்னா நான் பெட்டியைப் பிரிச்சுத்தான் ஆகணும். உங்களுக்குப் பார்சல் பிரிவு."

பார்சல் பிரிவில் பேச வேண்டியதில்லை. லேபிள் ஒட்ட வேண்டும்.

எங்கள் வீடு சத்தமான வீடு. நான் சாவி வெட்டுகிறவன். நாள் முழுவதும் காதருகே இயந்திரம் கிறீச்சிடும். நான் சாதாரணமாகப் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். மாமியாருக்கு ஒரு காதுதான் கேட்கும். டிவியை அவர் கேட்காத காதுக்காகச் சத்தமாக வைப்பார்.

இந்த வீட்டில் என் மனைவி முதல் நாள் ஏழு முறை பேசினாள். மூன்று முறை என்னைத் திட்ட. இரண்டு முறை, தும்மியதற்கு மன்னிப்புக் கேட்க. ஒரு முறை, டிவியில் வில்லன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று கதாநாயகியிடம் சொல்ல. ஏழாவது முறை, "இன்னைக்கு நான் எத்தனை தடவை பேசினேன்?" என்று கேட்க.

மறுநாள் சாயங்காலம் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. கால்நடை மருத்துவமனையில் உதவியாளன். கையில் மூடி போட்ட கூடை.

"என்னடா இது?" என்றேன்.

"கத்தாதீங்க மாமா. அதுக்கு ஆகாது."

"எதுக்கு ஆகாது?"

கூடையைத் தரையில் வைத்துத் திறந்தான். உள்ளே ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. குட்டை ரோமம். பச்சைக் கண். வரிசையில் முன்னால் நிற்கிற ஆள் திரும்பிப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தது.

"ரஷ்யன் ப்ளூ. ஜாதிப் பூனை. இதோட தாத்தா, முப்பாட்டன் பேரெல்லாம் காகிதத்துல இருக்கு."

"எங்க முப்பாட்டன் பேரு எனக்கே தெரியாது" என்றார் மாமியார்.

"ப்ளூன்னா நீலம்தானே?" என்றேன். "இது சாம்பலா இருக்கே?"

"பூனைல இதுதான் நீலம் மாமா."

மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சாம்பல்" என்றார்.

பூனை ஒரு பல் டாக்டருடையது. அவர் மூன்று வாரம் வெளியூர் போயிருந்தார். மருத்துவமனையில் விட்டுவிட்டுப் போனார். அங்கே பதினொரு நாய்கள். பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பல் டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு மச்சான் இங்கே தூக்கி வந்துவிட்டான்.

"அமைதியான வீடா வேணுமாம்" என்றான்.

"இந்த வீடாடா கிடைச்சுது?"

"கேளுங்க மாமா. இது கத்தாது. யாராவது கத்தினாலும் இருக்காது, எங்கேயாவது பூந்துக்கும். அக்கா பேசினா பூனை போயிடும். பூனை வேணும்னா அக்கா பேசக் கூடாது. அக்காவுக்கும் நல்லது, பூனைக்கும் நல்லது."

"எனக்கு?" என்றார் மாமியார்.

"உனக்கு டிவி கொஞ்ச நாள் இல்லைம்மா."

"என்னது?" என்றார் மாமியார். அவருக்குக் கேட்டிருந்தது.

கூடையோடு ஒரு நோட்டும் வந்திருந்தது. பல் டாக்டரின் கையெழுத்து. மேலே 'பராமரிப்பு' என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார். நான் உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரி முடிவதற்குள் பூனை அலமாரிக்கு அடியில் போய்விட்டது. மச்சான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மெதுவாக வாசித்தான்.

"உணவு காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும். தராசில் நிறுத்துப் போடவும். இந்த இனத்துக்குச் சாப்பாட்டில் ஆசை அதிகம், விட்டால் பெருத்துவிடும். இன்னும் கேட்கும். சத்தம் போட்டுக் கேட்காது. பார்க்கும். அது பார்த்தால் நீங்கள் வேறு பக்கம் பார்க்கவும். பால் கூடாது."

"யாருக்கு?" என்றார் மாமியார்.

"பூனைக்கும்மா. வயித்துக்கு ஒத்துக்காது."

"பூனைக்கே ஒத்துக்காதுன்னா அப்புறம் எதுக்குப் பாலு?"

மச்சான் தொடர்ந்தான். "ரோமம் குட்டையானாலும் இரண்டு அடுக்கு. வாரம் இரண்டு முறை ரப்பர் பிரஷ்ஷால் தலையிலிருந்து வால் பக்கமாகத் தேய்க்கவும். மணல் தட்டை நாளுக்கு இரண்டு முறை சுத்தம் செய்யவும். அழுக்கான தட்டில் இது போகாது. போகவில்லை என்று சொல்லவும் செய்யாது. நீங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டும்."

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"எழுதலை மாமா."

மறுநாள் தெரிந்துகொண்டேன். என் செருப்பில்.

"தூக்க வேண்டாம். மடியில் வைக்க வேண்டாம். அதுவாக வரும். வராமலும் இருக்கும். எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்ளும். ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒருவர் யார் என்பதை அதுவே முடிவுசெய்யும். நீங்கள் முயற்சி செய்தால் அது நீங்களாக இருக்காது."

கடைசி வரி தனியாக இருந்தது. "எட்டு வருடத்தில் இதன் குரலை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. எனவே கவலை வேண்டாம்."

அன்றிலிருந்து அந்த ஒருவராக ஆவதற்கு நாங்கள் எல்லோரும் முயற்சி செய்யாமல் முயற்சி செய்தோம். நான் பூனையின் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தேன். மாமியார் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, தற்செயலாக வைத்திருப்பதுபோல் நடமாடினார்.

மூன்றாம் நாள் காலை பூனை அலமாரிக்கு அடியிலிருந்து வந்தது. என்னைத் தாண்டியது. மாமியாரைத் தாண்டியது. என் மனைவியின் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் பேசாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"நாப்பது வருஷமா நான் வளர்க்கறேன் இவளை" என்றார் மாமியார். "என்கிட்ட இப்படி ஒரு நாள் உக்காந்திருப்பாளா?" யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆனாலும் பூனையை அவருக்குப் பிடித்துவிட்டது. அதை அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார். நேரத்துக்குச் சாப்பிடுகிறது, எதிர்த்துப் பேசுவதில்லை, நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று காரணம் சொன்னார்.

"மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு அத்தை."

"உங்களைக் கேக்கலை."

ஐந்தாம் நாள் ஈரத் துண்டைக் கட்டிலின் மேல் போட்டேன். என் மனைவி பார்த்தாள். முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள். "ஈர—" என்பது மட்டும் வெளியே வந்தது. பூனை அவள் காலடியிலிருந்து எழுந்து அலமாரிக்கு அடியில் போனது. மாலைச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அவள் தரையில் குப்புறப் படுத்து அலமாரிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இரண்டு பச்சைப் புள்ளிகள். ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தாள். எழுந்து ஒரு புது நோட்டை எடுத்து, 'பேச வேண்டியவை' என்று தலைப்பிட்டு எழுதினாள். ஒன்று: ஈரத் துண்டு.

அதன் பிறகு ஓர் எழுத்துகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. நோட்டில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது.

எங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதினாள். எழுதுவதற்கு முன்னால் எங்களைத் திரும்பிப் பார்க்கவைக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் பாதித் தண்ணீர், இன்னொன்றில் முழுதும். ஸ்பூனால் மெல்லத் தட்டுவாள். டிங், டாங். பிறகு சீட்டைக் காட்டுவாள். 'சோப்பு தீர்ந்துவிட்டது. சோப்பு தீர்ந்துவிட்டது.' எழுத்திலும் இரண்டு முறை.

பூனைக்குச் சாப்பாடு வைக்கும்போதும் தட்டினாள். அது அவள் தொழில். மணி அடிக்காமல் அவளால் எதையும் ஆரம்பிக்க முடியாது. முதல் நாள் தட்டியபோது பூனை காதை மட்டும் திருப்பியது. நான்கு நாளில் டாங் முடிவதற்குள் கிண்ணத்தின் முன்னால் நின்றது. ஒரு வாரத்தில் டிங்குக்கே வந்தது. சோப்பு தீர்ந்துபோன சீட்டுக்கும் வந்தது. அப்போதெல்லாம் இரண்டே இரண்டு உருண்டை உலர்தீனி கிண்ணத்தில் விழும். மணி அடித்தால் ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்பது அவளுடைய நியாயம். அதையும் சேர்த்துத்தான் காலையிலேயே நிறுத்துவைத்தாள்.

என் பங்குக்கு நான் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தேன். பூட்டுக்கு விடுகிற மெல்லிய எண்ணெய். வீட்டின் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, மின்விசிறி, தையல் இயந்திரம், குடை. நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டினேன். ஏதாவது கிறீச்சிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தேன்.

"குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்றார் மாமியார் மெல்லிய குரலில். பூனை அவர் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ஏதாவது சத்தம் கேக்குதா அத்தை?"

"என் முழங்கால்தான். வேணும்னா ரெண்டு சொட்டு விடுங்க."

கூடையின் மூடியில் ஒரு தாழ் இருந்தது. திறந்தால் கீச்சென்றது. அதற்கும் விட்டேன். இரண்டு சொட்டு போதும். ஆறு சொட்டு விட்டேன்.

மாமியார் டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கப் பழகினார். வசனங்களை அவரே போட்டுக்கொண்டார். "சத்தம் இல்லாம பாத்தாத்தான் தெரியுது" என்றார் ஒரு நாள். "இந்தத் தொடர்ல வர்ற மாமியார் ரொம்ப நல்லவ."

இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். தயங்கி நின்றார்.

"பத்து நாளா உங்க வீட்லேருந்து சத்தமே இல்லை. ஏதாவது... ஆயிடுச்சா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். மிக மெதுவாகச் சொன்னேன். அவர் அப்படி என் குரலைக் கேட்டதே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளில் கைவைத்து அழுத்திவிட்டுப் போனார். சாயங்காலம் ஒரு பை நிறையப் பழம் வந்தது. பின்னால் கூப்பிட்டு விளக்கலாம்தான். கத்த வேண்டியிருக்கும்.

இருபத்தொன்றாம் நாள் தொண்டை டாக்டர் மறுபடி கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"சுத்தமா ஆறிடுச்சு. பேசுங்கம்மா."

அவள் சீட்டை எடுத்தாள். 'நாளைக்கு. நாளைக்கு.'

"அன்னைக்கு நிறுத்த முடியலை, இன்னைக்கு ஆரம்பிக்க முடியலையா?" டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போனாள். குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. கதவு பாதி திறந்திருந்தது. கீலுக்கு எண்ணெய் விட்டிருந்ததால் நான் தள்ளியது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி முன் நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். சத்தம் எதுவும் போடவில்லை. வாசற்படியில் பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"பயமா இருக்கா?" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். சீட்டில் எழுதினாள். 'வேறு யாருடைய குரலாவது வந்தால்?'

முதல் முறையாக ஒரு தடவை மட்டும் எழுதியிருந்தாள்.



"வந்தா அவங்களுக்கும் சேத்துச் சோறு வடிப்போம்" என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே போய் நோட்டை எடுத்து எழுதினாள். எண் நூற்றுப் பன்னிரண்டு.

இருபத்திரண்டாம் நாள் காலை நாங்கள் மூவரும் நிலையத்துக்குப் போனோம். அவள், நான், கூடையோடு மச்சான். பல் டாக்டர் வருகிற வண்டி பத்து மணிக்கு வந்து சேரும். அங்கேயே பூனையைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. மாமியார் வாசல்வரை வந்தார். "மாப்பிள்ளை, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார். நான் திரும்பவில்லை. எனக்குப் பழகிவிட்டது.

அறிவிப்பு அறை மாடியில் இருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாக நடைமேடைகள் எல்லாம் தெரியும். ஒரு மேசை, ஒரு மைக், மணிக்கான பொத்தான். மூலையில் அட்டைப்பெட்டி. அதன்மேல் யாரோ கத்திரிக்கோலைத் தயாராக வைத்திருந்தார்கள்.

மேலாளர் வந்தார். மூன்று வாரம் கத்தியதில் அவர் குரல் கட்டிப்போயிருந்தது.

"எப்படிம்மா இருக்கீங்க?" அது அவர் குரலாகவே இல்லை.

என் மனைவி அவரைப் பார்த்தாள். வேறு யாருடைய குரலாவது வந்தால் எப்படியிருக்கும் என்பதை நேரிலேயே கேட்டுவிட்டாள். முகம் வெளுத்தது.

மச்சான் கூடையை மேசைக்குக் கீழே வைத்தான். கடிகாரம் பத்து காட்டியது. அவள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். பதினேழாம் எண் வண்டி கீழே புகை விட்டுக்கொண்டிருந்தது. மேலாளர் பொத்தானை அழுத்தினார்.

டிங், டாங்.

நிலையம் முழுவதும் ஒலித்தது. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தொண்டை அசைந்தது. உள்ளேயிருந்து எதையும் அவள் மேலே விடவில்லை.

கீழே சில தலைகள் ஒலிபெருக்கியைப் பார்த்தன.

"ஒண்ணும் அவசரமில்லைம்மா" என்றார் மேலாளர். மறுபடி அழுத்தினார்.

டிங், டாங்.

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்திருந்தது. கண்ணில் நீர் நின்றது. நான் என் கையிலிருந்த சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தேன், சத்தம் வராதபடிக்கு. மூன்று வாரப் பழக்கம்.

மேசைக்கு அடியில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பூனை மூடியை முட்டியிருக்கிறது. தாழ் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு தானாகத் திறந்திருக்கிறது. கீச்சென்று ஒரு சத்தம் கேட்டிருந்தால் நான் பிடித்திருப்பேன். ஆறு சொட்டு.

மேலாளர் பெட்டியை ஒரு முறை பார்த்தார். பெருமூச்சு விட்டார். மூன்றாம் முறை அழுத்தினார்.

டிங், டாங்.

பூனை மேசைமேல் இருந்தது. எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அது மேசையைப் பார்த்தது. கிண்ணம் இல்லை. என் மனைவியின் கைகளைப் பார்த்தது. ஒன்றும் இல்லை. மூன்று முறை மணி அடித்தாகிவிட்டது. இரண்டு உருண்டை தீனிகூட விழவில்லை. அது என் மனைவியைப் பார்த்தது. வழக்கப்படி பார்த்தது. அவள் பதிலுக்குப் பார்க்காமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாளோ அதில்தான் விஷயம் இருக்கிறது என்று பூனை நினைத்திருக்க வேண்டும். மைக்கருகே போனது. முகர்ந்தது.

பிறகு பேசியது.

"மீ."

சின்னக் குரல். துருப்பிடித்த குரல். எண்ணெய் விடாத ஒரே கீல் அதுதான். ஆனால் ஒலிபெருக்கிகள் பதினாறு. நிலையத்தின் எல்லா மூலைகளிலும், கழிப்பறைக்குள்ளும், எட்டு வருடம் அடக்கிவைத்த அந்தக் குறை ஒலித்தது.

நிலையம் நின்றது. பதினேழாம் எண் வண்டியின் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். மூட்டையைத் தலையில் வைத்திருந்த ஒருவர் பாதி வழியில் நின்று, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திரும்பினார். ஒரு குடும்பம் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாம் நடைமேடையை நோக்கி ஓட ஆரம்பித்தது.

தவறான அறிவிப்பு.

அந்தக் குடும்பம் ஓடுவதை என் மனைவி பார்த்தாள். அவ்வளவுதான். பூனையை ஒரு கையால் நகர்த்திவிட்டு மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"பயணிகள் கவனத்திற்கு."

முதல் சொல் கரகரத்தது. இரண்டாவது சொல் நேரானது.

"சற்று முன் ஒலித்த அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது. பயணிகள் அவரவர் நடைமேடையிலேயே இருக்கவும். பதினேழாம் எண் வண்டி மூன்றாம் நடைமேடையிலிருந்து இப்போது புறப்படும். இடையூறுக்கு வருந்துகிறோம்."

அவள் குரல்தான். கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, மாடியிலிருந்து தரைத்தளத்துக்குக் குடிமாறியதுபோல். மற்றபடி அவளேதான்.

மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். மச்சான் "அக்கா!" என்றான். அவள் விரலை உயர்த்தி அவனை நிறுத்தினாள். இன்னும் முடியவில்லை. மூச்சை இழுத்து முழுவதையும் இரண்டாம் முறை சொன்னாள்.

ஓடிய குடும்பம் திரும்பி வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. பூனை மேசை விளிம்பில் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. அவள் பையிலிருந்து தீனி டப்பாவை எடுத்தாள். அடித்த மூன்று மணிக்கும் சேர்த்து ஆறு உருண்டை எண்ணி வைத்தாள்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மூட்டைக்காரர்.

"மொதல்ல ஒண்ணு சொன்னாங்களே, அது எந்த ஊர் வண்டிங்க?"

"அது ரத்தாயிடுச்சுங்க" என்றான் மச்சான்.

"அதுல போயிருந்தா சீக்கிரம் போயிருக்கலாமோ?" வருத்தத்தோடு இறங்கிப் போனார்.

அவருக்குப் பின்னால் பல் டாக்டர் வந்தார். உயரமான அம்மா. பயணப் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து பூனையைத் தூக்கிக்கொண்டார். பூனை தூக்கவிட்டது. அவர்தானே முதல் ஆள்.

"கீழே ஏதோ பூனைச் சத்தம் கேட்டுது" என்றார். "நல்ல வேளை, இது இல்லை. இது பேசாது."



"இதுதாங்க" என்றாள் என் மனைவி.

"இருக்காது."

"மைக்கில பேசிச்சுங்க டாக்டர்" என்றான் மச்சான். "பதினாறு ஒலிபெருக்கி."

பல் டாக்டர் பூனையை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஊர்ல எல்லாரையும் வாயைத் திறங்க வாயைத் திறங்கன்னு திறக்கவெச்சுக்கிட்டிருக்கேன். எட்டு வருஷமா எனக்கு ஒரு வார்த்தை இல்லை. இங்கே வந்து ஊருக்கே பேசினியா நீ?" பூனை வேறு பக்கம் பார்த்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "என்ன செஞ்சீங்க இதை?"

"ஒண்ணும் செய்யலை" என்றேன். "மூணு தடவை மணி அடிச்சோம். சோறு போடலை."

என் மனைவி பராமரிப்பு நோட்டை எடுத்தாள். கடைசி வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள். 'மணி அடித்தால் உணவு தரவும். தராவிட்டால் பேசும். மணி அடித்தால் உணவு தரவும். தராவிட்டால் பேசும்.' பல் டாக்டர் அதை நின்றபடி வாசித்தார்.

"எந்த மணி?" என்றார்.

மச்சான் சாயங்காலமே இரண்டு டம்ளரையும் ஸ்பூனையும் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

அட்டைப்பெட்டி மூலையிலேயே இருக்கிறது. மேலாளர் அதன்மேல் தேநீர் வைத்துக் குடிக்கிறார்.

வீட்டில் மாமியார் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். பத்து நிமிடம் கேட்டார். முகம் சுருங்கியது. மறுபடி சத்தத்தை அணைத்தார்.

"நான் போட்ட வசனமே தேவலை" என்றார்.

நான் ஏழு மணிக்கு அலமாரிக்கு அடியில் ஒரு முறை குனிந்து பார்த்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சற்று முன் பார்த்திருக்க வேண்டும். முழங்காலில் தூசி இருந்தது.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அந்தக் குரலுக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் நோட்டைத் திறந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒண்ணு. ஈரத் துண்டு."

நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றையும் வாசித்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை.